கோட்டுப் பைக்குள் அடங்கிய லென்ஸ்

ஒரு லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பதை வைத்தே அதன் தரத்தைச் சொல்வது ஒளிப்படக்காரர்களின் நெடுநாள் வழக்கம். எஃப் 3.5ஐவிட எஃப் 2 உயர்ந்தது, அதைவிட எஃப் 1.4 உயர்ந்தது என்று மதிப்பும் விலையும் ஏறிக்கொண்டே போகும். வரலாற்றைப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாகிறது. தெருவையும் கூட்டத்தையும் மனித முகத்தையும் இயல்பாகப் பதிவுசெய்யும் முறைகள் வளர்ந்ததற்கு லென்ஸின் ஒளியைவிட அதன் சிறிய உருவமே பெரிய காரணம். அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த இரண்டு ஜெர்மன் கேமராக்களே இதற்குச் சான்று.

1924இல் டிரெஸ்டன் நகரின் எர்னெமான் நிறுவனம் எர்மனாக்ஸ் கேமராவைக் கொண்டுவந்தது. லூத்விக் பெர்டெலே வடிவமைத்த அதன் லென்ஸ் எஃப் 2. அன்றைக்கு அது வியப்பூட்டும் வேகம். எரிக் சாலமன் 1928 முதல் நீதிமன்றங்களிலும் மாநாட்டு அறைகளிலும் அதைக் கொண்டு படமெடுத்துப் புகழ்பெற்றார். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தட்டை மாற்ற வேண்டும். பல வேளைகளில் முக்காலியும் தேவைப்பட்டது. 1925இல் லைப்சிக் சந்தையில் வெட்ஸ்லாரின் லைட்ஸ் நிறுவனம் லைக்காவை வெளியிட்டது. ஆஸ்கர் பார்னாக் சினிமா ஃபிலிமின் சட்டத்தை இரட்டிப்பாக்கி 24×36 மி.மீ. அளவில் அமைத்ததால், 50 மி.மீ. லென்ஸே போதுமானதாயிற்று. மாக்ஸ் பெரெக் வடிவமைத்த அந்த லென்ஸில் முதலில் ஐந்து கண்ணாடிகள் இருந்தன. பிறகு அவை நான்காகக் குறைந்து, எல்மார் என்ற பெயர் நிலைத்தது. எஃப் 3.5 என்பதால் எர்மனாக்ஸில் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் இதில் விழும். ஆனால் லென்ஸைக் கேமராவுக்குள் அழுத்திவிட்டால் முழுக் கருவியும் கோட்டுப் பைக்குள் போய்விடும். 1930களில் சாலமனே லைக்காவுக்கு மாறினார்.

1930இல் லைக்காவில் லென்ஸை மாற்றும் வசதி வந்தது. 35 மி.மீ., 90 மி.மீ. எல்மார்கள் அடுத்தடுத்துச் சேர்ந்தன. 50ஐயும் சேர்த்து மூன்றையும் எஃப் 8இல் வைத்து 3 மீட்டர் தொலைவுக்கு ஃபோகஸ் செய்து ஒப்பிடலாம். 35 மி.மீ.யில் ஏறத்தாழ 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவாக விழும். 50இல் அது சுமார் 2.3 முதல் 4.2 மீட்டர் வரை சுருங்கும். 90இல் அரை மீட்டர் ஆழமே மிஞ்சும். கூட்டத்துக்குள் நடப்பவர் ஃபோகஸைத் தொடாமலே எடுக்க 35 இடம் கொடுக்கிறது. ஒரு மனிதரை அவருடைய சூழலோடு காட்ட 50 பொருந்துகிறது. ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பாலும் 50ஐயே நம்பினார். 1950இல் திருவண்ணாமலையில் ரமணரின் இறுதி நாட்களைப் படமெடுத்தவரும் அவர்தான். முகத்தை நிரப்பி எடுக்க 85, 90 உதவும். தள்ளி நின்று எடுப்பதால் மூக்கு பெரிதாகித் தெரியாது. அதே 1950இல் டோக்கியோவில் ஒளிப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் 85 மி.மீ. நிக்கோர் லென்ஸின் தரத்தைக் கண்டு வியந்து, கொரியப் போர்க்களத்துக்கு நிக்கோர் லென்ஸ்களைக் கொண்டுசென்றார்.

இயல்பான படங்கள் வளர்ந்த பெருமை சிறிய லென்ஸுக்கு அல்ல, ஃபிலிமுக்கே உரியது என்று சிலர் சொல்லலாம். ஃபிலிமின் வேகம் கூடியது உண்மை. கண்ணாடித் தட்டுகளின் வேகமும்தான் கூடியது. ஆனாலும் தட்டுக் கேமரா தெருவில் அவ்வளவு எளிதாக நடமாடவில்லை. 50 மி.மீ. மனிதக் கண்ணுக்கு நிகரானது, அதனால்தான் வென்றது என்ற வாதமும் உண்டு. ஆனால் இயல்பான பார்வைக்கு அளவுகோலான மூலைவிட்டம் 24×36 சட்டத்தில் 43 மி.மீ.தான்; இயல்பான பார்வைதான் காரணம் என்றால் அந்த அளவே நிலைத்திருக்க வேண்டும். ஜூம் வந்த பிறகு இந்தத் தனித்தனி அளவு லென்ஸ்கள் எதற்கு என்பது வலுவான கேள்வி. 1959இல் வந்த ஃபோக்ட்லெண்டர் ஜூமார் 36 முதல் 82 மி.மீ. வரை ஒரே லென்ஸில் தந்தது; வசதியில் அதை வெல்ல முடியாது. ஆனால் அத்தனை கண்ணாடிகளின் பருமனும் எடையும் அதோடு சேர்ந்தே வந்தன. ஜூம் பரவிக்கொண்டிருந்த 1976இலேயே பென்டாக்ஸ் 18 மி.மீ. தடிமனே கொண்ட 40 மி.மீ. லென்ஸை வெளியிட்டது.

ஆகவே லென்ஸ் வாங்க நினைப்பவர் எஃப் எண்ணைக் கடைசியில் பார்க்கட்டும். எதை எடுக்கப் போகிறோம், எவ்வளவு தொலைவில் நிற்போம், நாள் முழுக்கச் சுமக்க முடியுமா என்ற மூன்று கேள்விகளை முதலில் கேட்கட்டும். வீட்டிலேயே தங்கிவிடும் எஃப் 1.4ஐவிட, கையோடு வரும் எஃப் 2.8 அதிகப் படங்களைத் தரும்.