பூங்காவுக்குக் கட்டணமில்லை, பாலத்துக்கு உண்டு: பினாங்கின் பொதுச்சொத்து யார் பொறுப்பில்?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய தலைப்பு பொதுச் சொத்து. நாளும் நாம் பயன்படுத்தும் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பூங்கா, சாலை, பாலம். இவற்றை நிர்வகிப்பது யார், செலவை ஏற்பது யார், குறை இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியவேண்டுமானால் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டித்தான் ஆகவேண்டும்.

முதலில் பூங்கா. தண்ணீர்மலை என்று நாம் அன்போடு அழைக்கும் பள்ளத்தாக்கில் பினாங்கு தாவரவியல் பூங்கா 1884-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதற்கு முன்பு அந்த இடம் கருங்கல் உடைக்கும் குவாரி. சார்ல்ஸ் கர்டிஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் அந்தக் கல்குவாரியை மரமும் கொடியும் நிறைந்த தோட்டமாக மாற்றினார். சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்டங்கள், காடுகள் இலாகாவின் கீழ் அது அன்று இயங்கியது. பயன்தரும் செடிகளை வளர்த்துச் சோதிப்பது அரசாங்கத்தின் நோக்கம். மாலையில் காற்று வாங்க ஓர் இடம் கிடைத்தது நகரத்து மக்களுக்கு வந்த லாபம். நாகலிங்க மரங்களின் நிழலில் நம் முன்னோரும் நடந்திருப்பார்கள்.

ஆனால், அந்தப் பூங்கா நம் கையைவிட்டுப் போக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஜார்ஜ்டவுன் வளர வளர தண்ணீர்த் தேவையும் வளர்ந்தது. அருவி நீரைத் தேக்க வேண்டும் என்ற திட்டத்தில் 1910-ஆம் ஆண்டில் பூங்கா நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. நீர்த்தேக்கம் கட்டப்பட்டிருந்தால் பூங்கா இன்று தண்ணீருக்கு அடியில் இருந்திருக்கும். 1912-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பூங்கா பிழைத்தது. தண்ணீர்த் தேவையோடு சேர்ந்த அந்தக் காலத்து மாற்றங்களில்தான் அருவியடியில் இருந்த முருகன் வழிபாட்டிடமும் இடம்பெயர்ந்து மலைமேல் ஏறியது. 2012-இல் குடமுழுக்குக் கண்ட மலைக்கோயிலுக்கு 513 படிகள் ஏறிப் போகும் பக்தர்கள், நகரத்தின் தண்ணீர்க் கணக்கும் அந்தக் கோயில் வரலாற்றில் கலந்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பொதுப் பூங்கா என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அது என்றைக்கும் பொதுமக்களிடம் இருந்துவிடாது. ஓர் இலாகாவின் தேவை இன்னோர் இலாகாவின் சொத்தை விழுங்கிவிடலாம். அன்று முடிவெடுத்தவர்கள் பூங்காவில் உலாவியவர்களைக் கேட்டு முடிவெடுக்கவில்லை.

இன்றைய நிலையைப் பாருங்கள். தாவரவியல் பூங்கா மாநில அரசின் இலாகா ஒன்றின் கீழ் இருக்கிறது. அதே பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் உள்ள அருவியும் நீர்ப்பிடிப்புப் பகுதியும் தண்ணீர் விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. நினைத்த நேரத்தில் நாம் அங்கே போய்விட முடியாது. சற்றுத் தள்ளி இருக்கும் இளைஞர் பூங்கா மாநகர் மன்றத்தின் பராமரிப்பில் இருக்கிறது. 1923-இல் ரயில் ஓடத் தொடங்கிய கொடிமலைக்கு 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தனிக் கழகமே உண்டு. தைப்பூசத்தன்று நாம் நிற்பது ஒரே சாலையில்தான். ஆனால், கோயிலுக்கு இந்து அறப்பணி வாரியம், குப்பைக்கு மாநகர் மன்றம், போக்குவரத்துக்குக் காவல் துறை என்று பொறுப்புகள் பிரிந்து கிடக்கின்றன. 2021-இல் யுனெஸ்கோ கொடிமலை வட்டாரத்தை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோது பூங்காவும் அதற்குள் வந்தது. பெருமைதான். கூடவே, கேள்வி கேட்கவேண்டிய இடங்களின் பட்டியலும் நீண்டது.

அடுத்தது கடலைக் கடக்கும் வழி. பாலம் வருவதற்கு முன்பு பெரிதான் தீவுக்கு உயிர்நாடி. 1985-ஆம் ஆண்டு செப்டம்பரில் பினாங்கு பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. அன்றைய முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் இயூ அதற்காகப் பாடுபட்டார். 1972-இல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய தொழிற்பேட்டைக்குத் தொழிலாளர் வேண்டும். அக்கரையில் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் வேலை தேடும் குடும்பங்கள் இருந்தன. தோட்டப்புறத்திலிருந்து வெளியேறிய நம்மவர் பலர் அந்த வரிசையில் நின்றார்கள். பாலம் அவர்களுக்கு வேலைக்குப் போகும் வழி.

பாலத்தில் போக வாகனம் இல்லாதவர்கள் பெரியையே நம்பியிருந்தார்கள். 1988-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், திருவிழாக் கூட்டம் நிரம்பி வழிந்தபோது பட்டர்வொர்த் பெரி முனையம் இடிந்து விழுந்தது. 32 உயிர்கள் போயின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. புதிய பாலம் ஒன்று பளபளப்பாக நின்றுகொண்டிருக்க, ஏழை எளியவர்கள் அதிகம் பயன்படுத்திய பழைய கட்டடம் அவர்கள் காலடியிலேயே சரிந்தது. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டப் பலர் வருவார்கள். பராமரிப்புக்கு விழா எடுப்பவர் யாருமில்லை.

இப்போது கட்டணத்துக்கு வருவோம். 1980-இல் அமைக்கப்பட்ட மலேசிய நெடுஞ்சாலை வாரியத்தின் மேற்பார்வையில் வந்த பாலம், 1990-களில் தனியார் குத்தகைக்குப் போனது. பின்னர் அது பிளஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. தீவுக்குள் வரும்போது மட்டும் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. கார்களுக்கு 7 வெள்ளியாக இருந்தது 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 5 வெள்ளி 74 காசாகக் குறைந்தது. மோட்டார் சைக்கிளோட்டிகள் கட்டிவந்த 1 வெள்ளி 40 காசு 2019 ஜனவரி முதல் நாள் அறவே நீக்கப்பட்டது. தொழிற்சாலை ஷிப்டுக்கு ஓடும் தொழிலாளிக்கு அது சிறிய தொகை அல்ல. 26 நாள் வேலை என்றால் மாதம் 36 வெள்ளிக்கு மேல்.

ஆனால், 2020-ஆம் ஆண்டுச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. 18 விழுக்காடு கட்டணக் குறைப்புக்கு ஈடாக பிளஸ் நிறுவனத்தின் குத்தகைக் காலம் 2038-லிருந்து 2058 வரை நீட்டிக்கப்பட்டது. 1985-இல் பிறந்த குழந்தைக்கு அப்போது 73 வயது! இன்று குறைத்துக் கட்டுகிறோம். நம் பிள்ளைகள் அதிக நாள் கட்டுவார்கள். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பங்குகளில் 49 விழுக்காடு ஊழியர் சேமநிதி வாரியத்துக்குச் சொந்தம். நாம் கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதி நம் ஓய்வுக்காலச் சேமிப்புக்குத் திரும்புகிறது. எனவே "எல்லாம் கொள்ளை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் முடியாது. "எல்லாம் சரி" என்று விட்டுவிடவும் முடியாது. கணக்குத் தெரிந்தால்தான் நியாயம் பேச முடியும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. நியூயார்க்கில் ராபர்ட் மோசஸ் என்பவர் 1924 முதல் பூங்கா ஆணையத்துக்கும், 1934 முதல் பால வாரியத்துக்கும் தலைமை ஏற்றார். பூங்கா, பூங்காச் சாலை, பாலம் மூன்றும் ஒருவர் கையில். 1929-இல் ஜோன்ஸ் கடற்கரைப் பூங்காவைத் திறந்தார். அங்கே செல்லும் பூங்காச் சாலைகள் கார்களுக்கு மட்டுமே, பேருந்துக்கு இடமில்லை. கார் இல்லாத ஏழைக்குப் பொதுக் கடற்கரை எட்டாத தூரமானது. 1936-இல் திறந்த டிரைபரோ பாலத்தின் கட்டண வருவாய் கொட்டியது. கடனை அடைத்துவிட்டு வாரியத்தைக் கலைப்பதற்குப் பதிலாக, சட்டத்தைத் திருத்தி, புதுக் கடன் வாங்கிப் புதுத் திட்டங்கள் கட்டினார். வாரியம் கலையவே இல்லை. 1968-இல்தான் அது பொதுப் போக்குவரத்து வாரியத்தோடு இணைக்கப்பட்டு அவர் அதிகாரம் முடிந்தது. அதன்பிறகு பாலக் கட்டணத்தின் உபரி, ரயிலுக்கும் பேருந்துக்கும் போகத் தொடங்கியது.

ஒரே கையில் எல்லாம் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். கேள்வி கேட்க ஆளிருக்காது. பல கைகளில் சிதறிக் கிடந்தால் கேள்வி கேட்கலாம். பதில் சொல்ல ஆளிருக்காது. நியூயார்க் முதல் வகை, பினாங்கு இரண்டாம் வகை. ஆனால், 1968-க்குப் பிறகு நியூயார்க் செய்த ஒன்றை நாமும் யோசிக்கலாம். காரில் போகிறவர் கட்டும் பணம் காரில்லாதவரின் பயணத்துக்கு உதவுகிறது. நம் ஊரிலோ பாலத்தின் கணக்கு வேறு, பெரியின் கணக்கு வேறு. பழைய பெரிகள் 2020-ஆம் ஆண்டு இறுதியோடு ஓய்வுபெற்றன. 2023-இல் வந்த புதிய படகுகளில் பாதசாரிகள், சைக்கிள், மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே இடம். அதாவது, காரில்லாதவர்களின் வாகனம் என்பது இப்போது எழுத்துப்பூர்வமாகவே உறுதியாகிவிட்டது. 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலமோ நிதியமைச்சுக்குச் சொந்தமான இன்னொரு நிறுவனத்தின் பொறுப்பு. ஒரே கடலைக் கடக்க மூன்று வழிகள், மூன்று நிர்வாகங்கள்.

நான் முன்வைப்பது மூன்றே கோரிக்கைகள். பாலத்தில் வசூலான தொகை, பராமரிப்புக்குச் செலவான தொகை இரண்டையும் ஆண்டுதோறும் நாட்டின் எல்லா மொழிப் பத்திரிகைகளிலும், தமிழ் உட்பட, எளிய முறையில் வெளியிட வேண்டும். பூங்காவின் எல்லையையோ பயன்பாட்டையோ மாற்றும் எந்தத் திட்டமும் முடிவாவதற்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வரவேண்டும். முறையீடு செய்ய ஒரே முகப்பு வேண்டும். எந்த இலாகா என்று கண்டுபிடிக்கும் வேலை அரசுடையது, மக்களுடையதல்ல.

நம் பங்கும் இருக்கிறது. இந்தத் தீவின் தொடக்ககாலச் சாலைகளில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் வியர்வை உண்டு. நம் இனத்தவர் இங்கே வெறும் பயணிகள் அல்லர். மாநகர் மன்றம் ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வெளியிடும்போது அதைப் படித்து, கையெழுத்துப் போட்டு அனுப்புவோர் நம்மில் எத்தனை பேர்? 1910-இல் நம்மை யாரும் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, பிறகு குறை சொல்வதில் பயனில்லை.