விளம்பரப் பட்டமும் மக்கள் தொடர்புப் பட்டமும்: அமெரிக்காவில் விலையும் மதிப்பும் பிரிந்த கதை

அமெரிக்காவில் மக்கள் தொடர்பு படித்தவர் கூடுதலாகச் சம்பாதிக்கிறாரா, விளம்பரம் படித்தவரா? அந்நாட்டுக் கல்வித் துறை நடத்தும் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தரவில் இதற்கு விடை இல்லை. படிப்புகளை வகைப்படுத்தும் அரசுக் குறியீட்டில் மக்கள் தொடர்புக்கு 09.0902, விளம்பரத்துக்கு 09.0903 என்று தனித்தனி எண்கள் உண்டு. வருமானமும் கடனும் வெளியாவதோ நான்கு இலக்க அளவில்தான். அங்கே இரண்டும் 09.09 என்ற ஒரே தலைப்பில் கலந்துவிடுகின்றன. அரசின் கல்வி உதவியோ கடனோ பெற்றவர்கள் மட்டுமே அந்தக் கணக்கில் வருவார்கள் என்பது இன்னொரு குறை. ஆகவே இந்த இரு பட்டங்களையும் ஒப்பிட, அவை பல்கலைக்கழகத்துக்குள் வந்த வழியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வழிகள் வேறு வேறு. பட்டத்துக்கு என்ன கட்டணம் என்பதைப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது; அது எதற்கு உதவும் என்பதைத் தொழில் முடிவு செய்தது. இரு தரப்பும் இதைக் கலந்து பேசியதாகத் தெரியவில்லை.

விளம்பரக் கல்வி தொடங்கியது கல்லூரியில் அல்ல, அஞ்சல் பெட்டியில். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் சிகாகோவின் பேஜ்-டேவிஸ் போன்ற நிறுவனங்கள் விளம்பரம் எழுதும் கலையை அஞ்சல்வழிப் பாடமாக விற்றன. அதற்குப் பல்கலைக்கழக மரியாதையைத் தேடித் தந்தவர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் வால்டர் டில் ஸ்காட். 1901இல் சிகாகோ விளம்பரக்காரர்களின் மன்றமொன்றில் பேசியவர், 1903இல் விளம்பரக் கோட்பாடு குறித்தும் 1908இல் விளம்பர உளவியல் குறித்தும் நூல்களை வெளியிட்டார். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் தலைவரும் ஆனார். 1908இல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் வால்டர் வில்லியம்ஸ் தொடங்கிய இதழியல் பள்ளி விளம்பரத்தையும் பாடமாக்கியது. நாளிதழ் விளம்பரத்தால் பிழைக்கிறது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

தொழில் இதையெல்லாம் பெரிதாக மதிக்கவில்லை. ஜே. வால்டர் தாம்ப்சன் நிறுவனத்தின் புகழ்பெற்ற விளம்பர எழுத்தாளர் ஜேம்ஸ் வெப் யங், சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர். அவரையே சிகாகோ பல்கலைக்கழகம் 1930களில் பேராசிரியராக அமர்த்தியது. பின்னாளில் விளம்பர உலகில் புகழ்பெற்ற டேவிட் ஓகில்வி ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பட்டம் பெறாமல் வெளியேறி, பாரிஸ் ஓட்டலொன்றில் சமையல் வேலை பார்த்து, பிறகு வீடு வீடாக அடுப்பு விற்றவர். விளம்பரத் தொழில் தன் நாயகர்களைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே பட்டத்துக்கு அது எவ்வளவு மதிப்புக் கொடுத்தது என்பது விளங்கும்.

மக்கள் தொடர்பின் கதை நேர்மாறானது. ‘பத்திரிகைத் தரகர்’ என்ற ஏளனப் பெயரைத் துடைக்க அதற்குப் பட்டம் வேண்டியிருந்தது. சிக்மண்ட் ஃப்ராய்டின் சகோதரி மகன் எட்வர்ட் பெர்னேஸ் 1923இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்புப் பாடம் நடத்தினார். பொதுக் கருத்து பற்றிய அவருடைய நூல் வெளியானதும் அதே ஆண்டில்தான். தொழிலுக்குப் பல்கலைக்கழக அந்தஸ்து கேட்ட அவர் கார்னெலில் பெற்ற பட்டமோ வேளாண்மையில்! 1947இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் மக்கள் தொடர்புக்கென்றே தனிப் பள்ளி தொடங்கியபோது கோரிக்கை நிறைவேறியது.

அந்த ஆண்டு தற்செயலானது என்று நான் கருதவில்லை. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1944இல் வந்த சட்டம், ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணத்தை அரசே செலுத்த வழி செய்தது. ஹார்வர்டின் ஆண்டுக் கட்டணமே அப்போது 400 டாலர்தான். போர்க்காலப் பிரசார அலுவலகங்களில் பழகியவர்களும் கையில் அரசுப் பணத்தோடு படிக்க வந்தார்கள். அந்தத் தலைமுறையில் பலருக்குச் செலவு என்ற பக்கமே காலியாக இருந்தது. செலவில்லாமல் கிடைத்த பட்டம் எந்த வேலையைத் தந்தாலும் லாபம்தான். இந்தப் பட்டங்களைப் பற்றிய நல்லெண்ணம் பெரும்பாலும் அந்தக் காலத்தில் உருவானது. கட்டணம் மாறிய பிறகும் எண்ணம் மாறவில்லை.

1959இல் வந்த இரண்டு அறிக்கைகளை இந்த வரலாற்றின் திருப்புமுனை எனலாம். ஒன்று ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் கார்டனும் ஹவலும் எழுதியது. மற்றது கார்னெகி நிறுவனத்துக்காகப் பியர்சன் எழுதியது. வணிகப் பள்ளிகள் அறிவியல் அடிப்படை இல்லாமல் கைத்தொழில் கற்பிக்கின்றன என்று இரண்டும் சாடின. புள்ளியியலையும் பொருளியலையும் வலுப்படுத்த முனைந்த வணிகப் பள்ளிகள் முதலில் கைகழுவியவற்றில் விளம்பரப் பாடங்களும் உண்டு. அனாதையாக நின்ற விளம்பரத்துக்கு இதழியல், தொடர்பியல் பள்ளிகள் இடம் கொடுத்தன. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் சாண்டேஜ் கட்டியெழுப்பிய துறை அவற்றில் முன்னோடி. சந்தைப்படுத்தல் மட்டும் வணிகப் பள்ளியிலேயே தங்கியது, அதிகச் சம்பளம் தரும் மேலாளர் பதவிகளுக்கான வாசலோடு. மக்கள் தொடர்பும் விளம்பரமும் ஒரே கூரையின் கீழ் வந்தது அறிவுசார் உறவால் மட்டும் அல்ல, இந்த இடப்பெயர்வாலும்தான். இரண்டையும் சந்தைப்படுத்தலோடு ஒருங்கிணைக்கும் பேச்சு பிறகு நார்த்வெஸ்டர்னின் மெடில் பள்ளியில் டான் ஷுல்ட்ஸ் வழியாக எழுந்தது. அதற்குள் சம்பளப் பாதைகள் பிரிந்துவிட்டன.

விளம்பரப் பட்டத்தின் குறையைத் தொழில் வேறு வழியில் நிரப்பியது. விளம்பர எழுத்தாளராகவோ கலை இயக்குநராகவோ சேர விரும்புபவரிடம் ஏஜென்சி கேட்பது ‘புக்’. ஒரு பற்பசைக்கோ வங்கிக்கோ கற்பனையாகச் செய்த சில விளம்பரத் தொடர்கள் அதில் இருக்கும். கிரியேட்டிவ் டைரக்டர் சில நிமிடங்களில் புரட்டிவிட்டு முடிவெடுப்பார். எந்தக் கல்லூரி என்பது பிறகுதான். நான்காண்டுப் பாடத்திட்டத்தில் இந்த ‘புக்’ தயாராவது அரிது என்பதால் 1979இல் அட்லாண்டாவில் போர்ட்ஃபோலியோ சென்டர், 1993இல் மயாமி ஆட் ஸ்கூல், 1996இல் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் ஆட்சென்டர் என்று தனிப் பள்ளிகள் முளைத்தன. பட்டத்துக்கு ஒரு கட்டணம், ‘புக்’குக்கு இன்னொரு கட்டணம். ஒரே தகுதிக்கு மாணவர் இருமுறை பணம் கட்டும் நிலையைத் தொழிலும் கல்லூரியும் சேர்ந்தே உண்டாக்கின. பல்கலைக்கழகத்தின் கையேடுகளில் இந்த இரண்டாம் கட்டணத்தைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை.

மக்கள் தொடர்பில் அப்படி ஒரு இரண்டாம் சந்தை உருவாகவில்லை. செய்திக் குறிப்பு எழுதுவது, நிருபர்களோடு பேசுவது, பயிற்சி வேலையில் சேர்வது இவையெல்லாம் இதழியல் பள்ளியிலேயே அமைந்துவிடுகின்றன. அதே காரணத்தால் ஆங்கில இலக்கியம் படித்தவரும் வேலையிழந்த நிருபரும் இந்த வேலைக்குப் போட்டியிட முடிகிறது. பட்டம் வாசலைத் திறக்கிறது. மற்றவர்களுக்கு அதை அடைப்பதில்லை. பெர்னேஸ் தன் முதிய வயதில், வழக்கறிஞர்களைப் போல மக்கள் தொடர்பாளர்களுக்கும் அரசு உரிமம் வேண்டும் என்று வாதாடினார். அது நிறைவேறவில்லை. பேச்சுரிமைக்கு அரசியலமைப்பே காவல் நிற்கும் நாட்டில், பேசுவதையே தொழிலாகக் கொண்டவரிடம் உரிமம் கேட்பது எளிதல்ல. உரிமம் வந்திருந்தால் இந்தப் பட்டத்தின் மதிப்பு வேறாக இருந்திருக்கும். தொழில்முறைச் சங்கம் வழங்கும் அங்கீகாரச் சான்றிதழ் விருப்பத் தேர்வாகவே நின்றுவிட்டது.

கட்டணமோ இந்த வேறுபாடுகளையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. காலேஜ் போர்டு கணக்குப்படி 2023–24இல் சொந்த மாநில மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களின் சராசரி ஆண்டுக் கட்டணம் 11,260 டாலர். தனியார் கல்லூரிகளில் 41,540 டாலர். விடுதியும் உணவும் இதில் சேராது. மக்கள் தொடர்புக்கு முதல் பள்ளி கண்ட பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் எல்லாம் சேர்த்த ஆண்டுச் செலவு 2024–25இல் 90,000 டாலரைத் தாண்டியது. உதவித்தொகை பெறுபவர்கள் இதைவிடக் குறைவாகக் கட்டுகிறார்கள். பெறாதவருக்கு நான்காண்டில் 3,60,000 டாலர். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் 2023 கணக்கில் மக்கள் தொடர்பு அலுவலரின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 66,750 டாலர். எந்தக் கல்லூரியில் படித்தார் என்று அந்த எண் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் சொந்த மாநிலக் கல்லூரியில் படிப்பதைவிடப் பல மடங்கு கொட்டி இந்தச் சம்பளத்துக்குப் படிப்பதற்கு வலுவான காரணம் ஒன்றும் எனக்குப் படவில்லை.

அதே அலுவலகத்தின் பட்டியலில் விளம்பர இடத்தையும் நேரத்தையும் விற்கும் முகவர்களுக்கு 61,270 டாலர். அந்த வேலைக்கு வழக்கமாக வேண்டிய கல்வித் தகுதி என்ற கட்டத்தில், பள்ளி இறுதிச் சான்றிதழ் என்று மட்டுமே குறிக்கப்பட்டிருக்கிறது.