மனச்சிதைவு நோய்: மூளை ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

வீட்டில் ஒரு பிள்ளைக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிட்சோஃப்ரீனியா) வந்துவிட்டால் நம் குடும்பங்களில் இரண்டு விதமான பேச்சு எழும். "ஜின் பிடித்திருக்கிறது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்பது ஒன்று. "தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்" என்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றி நம் ஆலிம்களும் மருத்துவர்களும் நிறையப் பேசிவிட்டார்கள். இரண்டாவது படித்தவர்களின் பேச்சு போலத் தெரிவதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

இந்த நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. யாரும் பேசாதபோது குரல் கேட்பது, தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்று உறுதியாக நம்புவது, தொடர்பில்லாமல் பேசுவது, குளிக்காமல் சாப்பிடாமல் ஒதுங்கி இருப்பது ஆகியவை முக்கிய அறிகுறிகள். பெற்றோர் 'சோம்பேறித்தனம்' என்று திட்டுவது பெரும்பாலும் கடைசியில் சொன்ன ஒதுங்குதலைத்தான். காஞ்சிபுரம் போன்ற ஊரில் இதன் அடி உடனே தெரியும். கோர்வை போட்டு நெய்யும் பட்டுச் சேலைக்குத் தறியில் நெசவாளியோடு கரை பிடிக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். அவன் எழுந்து வராவிட்டால் தறியே நின்றுவிடும். அந்த நிலையில் கடன் வாங்கி ஸ்கேன் எடுக்க ஓடும் குடும்பங்கள் உண்டு.

முதலில் ஸ்கேன் காட்டுவதைப் பார்ப்போம். 1976ல் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன், டிம் க்ரோ முதலியோர், நெடுங்காலம் மருத்துவமனையில் இருந்த 17 நோயாளிகளுக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் நடுவே திரவம் நிறைந்த அறைகள் சில உண்டு. நோயாளிகளுக்கு அந்த அறைகள் மற்றவர்களைவிட விரிந்திருந்தன. வளர்ப்புச் சரியில்லை, தாய் சரியில்லை என்று குடும்பத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இது உடலில் உள்ள நோய் என்பதற்கு அந்தப் படங்கள் வலுவான சான்றாயின.

அதன்பின் எம்ஆர்ஐ வந்தது. 2016ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு 2,028 நோயாளிகளின் மூளையை 2,540 பேரின் மூளையோடு ஒப்பிட்டது. நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸ், பயம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா, புலன்களிலிருந்து வரும் செய்திகளை வாங்கி அனுப்பும் தாலமஸ் ஆகியவை நோயாளிகளுக்குச் சராசரியாகச் சற்றுச் சிறியவை. திரவ அறைகள் பெரியவை. இன்னும் பெரிய ஆய்வுகளில் மூளையின் மேற்பரப்பும் பல இடங்களில் மெலிந்திருப்பது தெரிந்தது.

இங்கே 'சராசரியாக' என்ற சொல்தான் முக்கியம். ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரம். ஆனால் ஒருவர் ஐந்தரை அடி என்று மட்டும் சொன்னால் அவர் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? மூளை அளவும் இப்படித்தான். நோயாளிகள் பலரின் ஸ்கேன், மற்றவர்களின் ஸ்கேனைப் போலவே இருக்கும். ஆகவே ஸ்கேனில் 'நார்மல்' என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. "ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, அப்படியென்றால் இது செய்வினைதான்" என்று முடிவுகட்டுவது, அறிவியலின் பெயரால் பழைய இடத்துக்கே திரும்புவது. மருத்துவர் நோயாளியிடம் பேசியும், வீட்டாரிடம் விசாரித்தும், அறிகுறிகள் எத்தனை மாதமாக இருக்கின்றன என்று பார்த்தும்தான் இந்த நோயைக் கண்டறிகிறார்.

பிறகு மருத்துவரே சிலருக்கு ஸ்கேன் எழுதித் தருவது ஏன்? கட்டி, மூளைத் தொற்று, பழைய தலைக்காயம் போன்ற வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்யத்தான். வலிப்பு, கடும் தலைவலி, கை கால் பலவீனம் இருந்தாலோ, முதல் அறிகுறியே நடுவயதுக்குப் பிறகு வந்தாலோ அது தேவை.

இன்னொரு பயமும் உண்டு. "மாத்திரைதான் மூளையைச் சுருக்குகிறது" என்று எங்கோ படித்துவிட்டு மருந்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பயம் முற்றிலும் ஆதாரமற்றது அல்ல. அதிக அளவு மருந்தை நெடுநாள் எடுத்தவர்களுக்கு மூளை அளவு சற்றுக் குறைவதை 2011ல் ஓர் அமெரிக்க ஆய்வு சுட்டிக்காட்டியது. ஆனால் மருந்தே தொடாதவர்களிடம் என்ன இருக்கிறது? இதற்கு விடை தேடிய ஆய்வுகளில் ஒன்று நம் சென்னையில் நடந்தது. டாக்டர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தின் டாக்டர் ஆர். தாரா, டாக்டர் பத்மாவதி ஆகியோர் ஸ்காட்லாந்து மருத்துவர் ராபின் மெக்ரீடியோடு சேர்ந்து, ஒருமுறைகூட மருந்து சாப்பிடாத நோயாளிகளை ஆராய்ந்தார்கள். வாயும் கையும் தானாக அசையும் கோளாறு மருந்தின் பக்கவிளைவு என்றே அதுவரை பெரிதும் நம்பப்பட்டது. அது மருந்து தொடாதவர்களிடமும் இருந்தது. 2002ல் வெளியான எம்ஆர்ஐ ஆய்வில், அந்தக் கோளாறு உள்ளவர்களின் மூளையில் அசைவுகளைச் சீர்படுத்தும் ஆழ்ந்த பகுதி ஒன்று பெரிதாக இருப்பதும் தெரிந்தது. மாற்றங்கள் எல்லாவற்றையும் மருந்தின் தலையில் போட முடியாது என்பதற்கு இது சான்று. (பல ஆண்டுகள் சிகிச்சையே பெறாத நோயாளிகள் மேலைநாடுகளில் கிடைப்பது அரிது. இங்கே கிடைத்தார்கள் என்பது பெருமைப்படும் செய்தி அல்ல.)

மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். பக்கவிளைவு தொந்தரவு செய்தால் அளவைக் குறைக்க முடியுமா, வேறு மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கேட்பது நம் உரிமை.

மூளையில் மாற்றம் என்றதும் 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று மனம் விடவும் வேண்டாம். அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த திருப்போரூர் பகுதியிலும், கோவாவிலும், மகாராஷ்டிராவின் சதாராவிலும் 282 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடி வந்து மருந்தை நினைவூட்டி, குடும்பத்தாரிடம் பேசி, வேலைக்குத் திரும்ப உதவினார். 2014ல் 'லான்செட்' இதழில் வந்த முடிவின்படி, வீடு தேடிப் போனவர்களிடம் அறிகுறிகளும் முடக்கமும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. அந்தப் பலன் மிகத் தெளிவாகத் தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராமப் பகுதியில்தான்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். இன்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது தடைசெய்யப்பட்டுள்ளது. துஆ செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குஜராத்தில் மீரா தாதார் தர்கா வளாகத்தில் 'தவா-துஆ' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. கெய்ரோவில் 1284ல் கட்டப்பட்ட கலாவூன் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப் பகுதியே இருந்தது. சிகிச்சை நம் மரபுக்குப் புதிதல்ல.

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 'டெலிமானஸ்' உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: மாற்றம் முதலில் தெரிந்த மாதம், தூக்கம் எப்படி, என்ன குரல் கேட்கிறது என்கிறார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, இதுவரை கொடுத்த மருந்துகள், நாட்டு மருந்தும் போதைப் பழக்கமும் உட்பட. ஸ்கேன் தேவையா என்பதை அந்தத் தாளைப் படித்துவிட்டு அவர் சொல்வார்.