அரசு டெண்டரில் வெளிநாட்டு நிறுவனங்கள்: வர்த்தக ஒப்பந்தங்களில் இந்தியா எதைத் திறந்தது, எதைக் காத்தது?

நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் மத்திய அரசுத் துறைகளுக்கு மருத்துவக் கருவிகள் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர அளவு டெண்டர்களில் இதுவரை உங்களுடன் மோதியவை பெரும்பாலும் உள்நாட்டு நிறுவனங்கள்தான். இனி ஒரு பிரிட்டன் நிறுவனமும் போட்டிக்கு வரலாம். 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் அதற்கு வழி திறக்கிறது.

இதுவரை ஏன் திறக்கவில்லை?

அரசு கொள்முதல் சின்ன சந்தை இல்லை. ஒரு நாட்டின் ஜிடிபியில் சராசரியாக 10 முதல் 15 சதவீதம் என்கிறது உலக வர்த்தக அமைப்பு. இதற்காக அந்த அமைப்பில் தனி ஒப்பந்தமே உண்டு. விரும்பும் நாடுகள் மட்டும் சேரலாம். இந்தியா 2010 முதல் அதில் பார்வையாளர் மட்டுமே.

காரணம், வளரும் நாடுகளுக்கு அரசு கொள்முதல் ஒரு கொள்கைக் கருவி. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். 2020 முதல், ரூ.200 கோடி வரையிலான கொள்முதலுக்கு பொதுவாக உலகளாவிய டெண்டர் கிடையாது.

எப்போது மாறியது?

2022 மே மாதம் அமலுக்கு வந்த ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தத்தில்தான் முதல் கதவு திறந்தது. ரூ.200 கோடிக்கு மேற்பட்ட டெண்டர்கள்தான் அதில் வரும் என்று மத்திய அரசு அப்போது சொன்னது. பிரிட்டன் ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது.

அது என்ன படி?

'மேக் இன் இந்தியா' கொள்முதல் ஆணைப்படி, 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்நாட்டு மதிப்பு இருந்தால் நீங்கள் முதல் வகுப்பு சப்ளையர். 20 முதல் 50-க்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. பொருளிலோ சேவையிலோ குறைந்தது 20 சதவீதம் பிரிட்டனுடையதாக இருந்தால், அந்த நிறுவனம் இரண்டாம் வகுப்பு உள்ளூர் சப்ளையராகவே கருதப்படும். ஆண்டுக்குச் சுமார் 40,000 டெண்டர்கள் திறக்கும் என்பது பிரிட்டன் அரசின் கணக்கு.

'அப்போ நம்ம கதை முடிஞ்சதா?' என்றால், இல்லை. முதல் வகுப்பு சப்ளையருக்கான முன்னுரிமை தொடர்கிறது. பிரிட்டன் நிறுவனம் 100 ரூபாய் கேட்டு, நீங்கள் 118 கேட்டிருந்தால், வித்தியாசம் 20 சதவீதத்துக்குள் இருப்பதால் அதே 100 ரூபாய்க்குத் தர உங்களுக்கு வாய்ப்பு கிடைக்கும். மாநில அரசுகளும் உள்ளாட்சிகளும் ஒப்பந்தத்தில் இல்லை. எனவே சென்னை மாநகராட்சி டெண்டருக்கு இது பொருந்தாது.

நெருக்கடி இரண்டாம் வகுப்பில் இருப்பவர்களுக்குத்தான். பாகங்களை இறக்குமதி செய்து இங்கே பொருத்தி, 30 சதவீத உள்நாட்டு மதிப்பு காட்டும் நிறுவனமும் பிரிட்டன் நிறுவனமும் இனி ஒரே வரிசையில் நிற்கும். 100 ரூபாய்க்கே இறங்கி வரும் அந்தச் சலுகை இவர்களுக்குக் கிடையாது.

அடுத்த ஒப்பந்தம் வரும்போது என்ன பார்க்க வேண்டும்?

'டெண்டர் திறந்தாச்சு' என்ற தலைப்புச் செய்தியோடு நிற்காதீர்கள். நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எந்தெந்த அரசு அமைப்புகள் பட்டியலில் உள்ளன? எத்தனை கோடிக்கு மேல் பொருந்தும்? சிறு நிறுவனங்களுக்கான ஒதுக்கீடு தப்பியதா? 'உள்ளூர்' என்பதற்கு என்ன வரையறை? உங்கள் நிறுவனத்துக்கு லாபமா நஷ்டமா என்பது பெரும்பாலும் இந்த நான்கில் தெரிந்துவிடும்.