பதினான்கு இடங்கள்

"திறமைக்குத் தடையா இடஒதுக்கீடு?" என்று கேட்கும் கல்லூரித் தோழர்களை வேங்கிக்காலிலும் காண்கிறோம். கேட்கட்டும்! அக்கேள்வியின் பழங்கதையையும் கேட்கட்டும்.

சென்னை மாநிலக் கல்லூரிகளிலே 14 இடங்களுக்கு ஒரு பங்கீடு இருந்தது. பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டோருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, கிறித்தவருக்கு 1, முசுலிம்களுக்கு 1, பார்ப்பனருக்கு 2. நூற்றுக்கு ஏறத்தாழ மூவராயிருந்தோருக்கு ஏழில் ஒரு பங்கு! அதையே அநீதி என்றனர். செண்பகம் துரைராசன் வழக்குத் தொடுத்தார். 1950இல் உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9இல் உச்சநீதிமன்றமும் வகுப்புரிமை ஆணை செல்லாது என்றன. விந்தை கேளீர்: வழக்காடிய அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! இடம் கிடைக்காதென விசாரித்து அறிந்தாராம். தீர்ப்பிலேயே இருக்கிறது இச்செய்தி. படித்துப் பார்த்தோர் எத்தனை பேர்?

பெரியார் கிளர்ந்தெழுந்தார், தமிழகம் கொதித்தது. 1951 சூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது, 15(4) பிறந்தது.

பிறரைக் கேட்டோம்; நம்மையும் கேட்போமா? பதினான்கில் ஆறு பெற்ற நம்மவர் ஊரிலே நடப்பதென்ன? வேங்கிக்காலில் ஆட்சியரகம் கொண்ட இதே மாவட்டத்துத் தென்முடியனூரில், தாழ்த்தப்பட்ட மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலடி வைத்தது 2023 சனவரி 30இல். அதுவும் காவலர் புடைசூழ!