சாலையோரத்துக் குழாய்கள்

அச்சன்புதூரில் சாரல் தொடங்கிவிட்டது. அடவிநயினார் அணையினின்று இறங்கிவரும் அனுமன் நதியின் நீர் வாய்க்கால்களில் புரண்டோடுகிறது. சென்னைக்கு வேலை தேடிப் புறப்படும் பங்கு இளைஞர் ஒருவர் விடைபெற வந்தார். "சாமி, நீங்கள் வளர்ந்த காலத்து மெட்ராஸ் எப்படி இருந்தது?" என்று கேட்டார். மாடிப் பேருந்தையும், கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் பாதையில் ஓடிய மின்சார ரயிலையும், 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளையும் ஆசையோடு விவரித்தோம். அவரும் மகிழ்ந்து சென்றார். தண்ணீரைப் பற்றி மட்டும் நாம் வாய் திறக்கவில்லை.

பரங்கிமலை அடிவாரத்தில் எமது இளமை கழிந்தது. விடியுமுன்பே அடிகுழாயின் முன் குடங்கள் வரிசை கட்டிவிடும். இடம் பிடிப்பது சிறுவராகிய எம் பொறுப்பு. எமக்கு அது விளையாட்டு. எம் தாயாருக்கு அது என்னவாயிருந்தது என்பதை அவர் உயிரோடிருந்த நாளில் நாம் கேட்டதில்லை.

அந்நாளில் வீராணம் என்ற சொல் நகரெங்கும் வழங்கிற்று. பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய ஏரி அது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' அதன் கரையில்தான் தொடங்குகிறது. இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து அதன் நீரைச் சென்னைக்குக் கொணரும் திட்டம் 1960-களின் இறுதியில் உருவாயிற்று. பெரும் கான்கிரீட் குழாய்கள் வார்க்கப்பட்டுச் சாலையோரங்களில் கிடத்தப்பட்டன. பின்னர்த் திட்டம் இடையில் நின்றது. ஒப்பந்தம் பற்றிய குற்றச்சாட்டுகள் சர்க்காரியா விசாரணை ஆணையம்வரை சென்றன. குழாய்களோ கிடந்த இடத்திலேயே கிடந்தன. நீர் நுழையாத அவற்றினுள் வீடற்ற மக்கள் நுழைந்தனர். இருமுனையிலும் சாக்குத் திரை தொங்கும். வாயிலில் மூன்று கல் அடுப்பு புகையும். அவர்களும் எம்மைப்போல் குடமேந்தித் தண்ணீருக்கு அலைந்தனர்.

எம் வகுப்புத் தோழன் ஒருவன் அவ்வாறான குழாயொன்றில் குடியிருந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே ஓடுவோம். உள்ளே நின்று கூவினால் குரல் உருண்டு திரும்பும். அவன் தாய் எமக்குப் பொரிகடலை தருவார். ஒருநாள் ஆசிரியர் முகவரி கேட்டபோது அவன் எழுந்து, "வீராணம் குழாய், சார்" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். அவன் தந்த பொரிகடலை அப்போது எம் சட்டைப்பையில் இருந்தது.

கிருஷ்ணா நதி நீருக்கான ஒப்பந்தம் 1983-இல் கையெழுத்தாயிற்று. 1996-இல் அந்நீர் தமிழக எல்லையைத் தொட்டது. புதிய வீராணம் திட்டம் 2004-இல் நிறைவேறிற்று. அப்படியிருந்தும் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, சோலார்ப்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றிவர நேர்ந்தது. இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் சொல்லியிருக்கலாம்.

ஒரு விடுமுறை முடிந்து நாம் பள்ளிக்குத் திரும்பியபோது சாலையோரத்தில் அந்தக் குழாய் இல்லை. வகுப்பில் அவனும் இல்லை. குழாய் எங்கே போயிற்று என்று நாம் வினவியது நினைவிருக்கிறது. அவனைக் குறித்து எவரிடமும் கேட்கவில்லை.