சிலம்பக் களத்தில் வெறுங்காலும் பாதரட்சையும்

நம் சங்கத்து அன்பர்கள் கூடுமிடங்களில் இப்பொழுது ஒரு வினா அடிக்கடி எழுகின்றது. சிலம்பம் பயிலும் சிறுவர் வெறுங்காலோடு ஆடுதல் வேண்டுமா, பாதரட்சை அணிந்து ஆடலாமா என்பதே அது. பெற்றோர் சிலர், முள்ளும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும் தரையிற் பிள்ளையை வெறுங்காலோடு விட அஞ்சுகின்றனர். முதியோர் சிலரோ, செருப்பு மாட்டிய காலோடு களத்தில் இறங்குவது குலத்துக்கே இழுக்கு என்கின்றனர். முன்னவரது அச்சம் நியாயமானது. பின்னவரது சொல்லில் ஒரு பங்கு உண்மையும் ஒரு பங்கு பழைய மயக்கமும் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டவே யாம் இதனை எழுதத் துணிந்தோம்.

பொதட்டூர்பேட்டையிற் பிறந்தார்க்குக் காலின் அறிவைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குழித்தறியில் அமர்ந்து நெய்த முன்னோர், தம் கால்களைக் குழியினுள் இறக்கி மிதிகட்டைகளை வெறுங்காலாலே மிதித்தனர். கண் துணியின்மேல் இருக்கும். கை நாடாவை ஓட்டும். பாவு பிளக்கும் கணத்தை அறிவது உள்ளங்காலே. அழுத்தம் சிறிது மிகினும் குறையினும் இழை அறும், அல்லது நெசவு பிசகும். விசைத்தறி வந்தபின் அவ்வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழைய நெசவாளரின் காலைப் பார்த்தவர், விரல்கள் விரிந்து தரையைப் பற்றி நிற்கும் அதன் அமைப்பை மறக்கமாட்டார்.

சிலம்பமும் இத்தகைய காலறிவின் மேலேயே நிற்பது. ஆசான்மார் எடுத்த எடுப்பிற் கம்பைக் கையிற் கொடுத்துவிடுவதில்லை. முதலிற் காலடி வரிசை. அது படிந்த பின்னரே கம்பு. முன்கால் ஊன்றிப் பின்கால் சுழலும்போதும், பின்வாங்கி அமரும்போதும், உடலின் எடை எக்காலில் எவ்வளவு நிற்கின்றது என்பதை ஆடுவோன் குனிந்து பாராமலே அறிதல் வேண்டும். தடித்த அடித்தோல் இடையே புகுந்தால் அவ்வறிவு மங்குகின்றது. வடக்கே எல்லையைக் கடந்தால் தெலுங்கர் கர்ரசாமு என்று வழங்கும் கம்பு வித்தையும் வெறுங்காலோடு ஆடப்படுவதே. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 வரையிலும் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த நம் வட்டாரத்தார்க்கு அவ்வித்தையும் அயலன்று. கேரளத்துக் களரியோ நிலமட்டத்திற்குக் கீழே தோண்டி அமைக்கப்படுவது. 42 அடி நீளமும் 21 அடி அகலமும் வழக்கமான அளவுகள். அதனைக் குழிக்களரி என்பர். குழித்தறியில் இருந்தாரும் குழிக்களரியில் நின்றாரும் மண்ணோடு காலைப் பொருத்தியே தத்தம் தொழிலைக் கற்றனர் என்பது எமக்கு எப்பொழுதும் இனிமை தரும் ஒற்றுமை.

இவ்வளவும் உண்மைப் பங்கு. இனி மயக்கத்திற்கு வருவோம்.

வெறுங்காலே தமிழ் வீரனின் இலக்கணம் என்பார் சங்க நூல்களைப் புரட்டிப் பார்த்தல் நலம். தொடுதோல் என்றும், அடியைப் புதைக்கும் அரணம் என்றும் செருப்புக்கு அக்காலத்திலேயே பெயர்கள் இருந்தன. பெரும்பாணாற்றுப்படையில் படைக்கலம் பூண்டு வழிச்செல்லும் வணிகர் அதனை அணிந்து வருகின்றனர். மதுரைக் காஞ்சியில் நள்ளிரவிற் கன்னமிடப் புறப்படும் கள்வரும், வாளும் உளியும் நூலேணியும் கொண்டு, தொடுதோல் அணிந்தே திரிகின்றனர். கள்வரை எடுத்துக்காட்டாகக் கொள்ளுமாறு யாம் கூறவில்லை! படைக்கலம் ஏந்திய தமிழன் வேண்டுமிடத்துக் காலுக்குக் காப்புத் தேடினான் என்பதையே கூறுகின்றோம்.

பராந்தகன், இராசராசன் முதலிய சோழ வேந்தர் காலத்துக் கல்வெட்டுகளில் தெரிந்த கைக்கோளர் என்னும் படைப்பிரிவுகள் காணப்படுகின்றன. ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்கும் ஈட்டி எழுபதையும் இவற்றையும் சேர்த்து வைத்து, நம் முன்னோர் தறியும் ஈட்டியும் ஒருங்கே தாங்கினர் என்று பெருமை கொள்கின்றோம். கைக்கோளர் என்பது அங்கே கைவலியுடைய வீரரைக் குறித்த பொதுப்பெயரே எனக் கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், செருப்பணியாமையே அவ்வீரரின் பெருமை என்று எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

செருப்பைப் பற்றிப் பேசும் கல் வேறொன்று உண்டு. கருவூர்ப் பசுபதீச்சுரர் கோயிற் கல்வெட்டில், கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் பூண்ட அரசன் கொங்கு நாட்டுக் கம்மாளர்க்குத் தன் 15-ஆம் ஆட்சியாண்டில் வழங்கிய உரிமைகள் சொல்லப்படுகின்றன. நன்மை தின்மைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வீட்டைவிட்டுப் புறப்படும்போது செருப்பு அணியலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். அன்பர்கள் இதனைச் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். பொன்னையும் இரும்பையும் உருக்கி நாட்டுக்கு அணியும் ஆயுதமும் செய்து கொடுத்தவர், தம் காலில் ஒரு தோலை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க அரசாணை வேண்டியிருந்தது! தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ அத்தகைய ஆணையும் வாய்க்கவில்லை. மேற்குலத்தார் தெருவில் அவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லுமாறு செய்யப்பட்ட ஊர்கள் இந்நாட்டிற் பல. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பின்னரும் அக்கொடுமை உடனே மாய்ந்துவிடவில்லை. அன்றியும், தோல் தீட்டு என்ற எண்ணம் செருப்போடு நிற்காமல் அதனைத் தைத்தவர் மேலும் பாய்ந்தது. ஆகலின், செருப்பணிந்து களத்துக்கு வரும் சிறுவனைக் குலத்துக்கு இழுக்கென்று ஒருவர் கடியும்போது, ஆசான் கற்பித்த நெறி அவர் வாயிற் பேசுகின்றதா, இப்பழந்தீட்டுப் பேசுகின்றதா என்று அவரே தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளக் கடவர்.

பிறநாட்டார் இதனைக் குலப்பெருமையோடு பிணைக்காமல் தத்தம் தரைக்கும் தொழிலுக்கும் ஏற்பவே முடிவு செய்தனர். பிரான்சு நாட்டிற் காலால் உதைத்துப் பொரும் வித்தைக்குச் சவாத் என்று பெயர். பழஞ்செருப்பு என்பதே அச்சொல்லின் பொருள். அங்கே சப்பாத்தே படைக்கலம். உருசியரின் சாம்போவிலும் காலணி உண்டு. சப்பானியரின் சூடோவில் இல்லை. 1882-இல் கானோ சிகோரோ நிறுவிய கோடோகானில் வைக்கோற் பாயின்மேல் வெறுங்காலோடு பயின்றனர். நம் நாட்டு மல்லர் மண்கோதாவில் வெறுங்காலோடு பொருதவர். கே. டி. சாதவ் 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்குக்குச் சென்றபோது, மண்ணிற் பழகிய அவர்க்கு அங்கு விரிக்கப்பட்ட மெத்தை புதிதாயிருந்தது. ஆறாம் இடமே கிடைத்தது. அவரே 1952-இல் எல்சிங்கியில் வெண்கலப் பதக்கம் வென்றார். களம் மாறியபொழுது காலும் மாறக் கற்றுக்கொண்டது.

மருத்துவர் கூற்றும் இருபுறமும் வெட்டும் வாளே. 1992-இல் இராவ், சோசப் என்னும் இருவர் தென்னிந்தியச் சிறுவர் 2,300 பேரின் அடிச்சுவடுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். செருப்பணிந்து வளர்ந்தவருள் நூற்றுக்கு 8.6 பேர்க்கும், வெறுங்காலோடு வளர்ந்தவருள் 2.8 பேர்க்கும் தட்டைப்பாதம் இருந்தது. இளங்கால் மண்ணில் உழைத்தால் வளைவு நன்கு அமைகின்றது என்பதற்கு இது வலிய சான்று. மறுபுறம், கொக்கிப்புழு நுழைவது அவ்வுள்ளங்கால் வழியாகவே. துருப்பிடித்த ஆணி குத்திய புண் வழியே இசிவுநோயும் வரக்கூடும். நீரிழிவால் உள்ளங்காலின் உணர்ச்சி மரத்துப்போன பெரியவர்க்கோ, வெறுங்கால் நடையே பெருந்தீங்கு. எந்த உணர்ச்சியின் பொருட்டு வெறுங்காலை வேண்டுகின்றோமோ, அவ்வுணர்ச்சியே அவரிடம் இல்லையே! களத்தோரம் நின்று பெயரர்க்கு அடி திருத்தும் முதியோர் மருத்துவர் சொன்ன செருப்பைக் கழற்றவேண்டா.

ஆதலால் எம் கருத்து இது. காலடி பயிலும் இளையோர் மண்களத்தில் வெறுங்காலோடே ஆடுக. ஆனால் அக்களம் நாடோறும் கூட்டப்பட்டுக் கல்லும் சில்லும் பொறுக்கப்பட்டு, புழுதி அடங்க நீர் தெளிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அவ்வேலையைப் பெரியவர்கள் முறைவைத்துச் செய்க. பயிலுவோர் அனைவரும் இசிவுத் தடுப்பூசி இட்டுக்கொள்க. சிமெண்டுத் தரையிலோ தார்ச்சாலை ஊர்வலத்திலோ ஆட நேருமாயின், மெல்லிய அடியுடைய காலணியைத் தடுக்க வேண்டா. சித்திரை வெயிலிற் காய்ந்த சாலையிற் பிள்ளையின் கால் கொப்பளித்தாற் சிலம்பம் வளராது. சூடோ பயில்வோர் பாயின் விளிம்பு வரையிற் செருப்பில் நடந்து வந்து, அங்கே கழற்றிவைத்து ஏறுவர். தெருவின் அழுக்குப் பாயில் ஏறாமைக்கென்றே இவ்வழக்கம். நாமும் களத்தின் ஓரத்தில் ஒரு நீண்ட பலகை இடுவோம். எத்தெருவிலிருந்து எப்பிள்ளை வரினும் செருப்பணிந்தே வருக. அதனை எல்லாருடைய செருப்போடும் அப்பலகையில் வைத்துவிட்டு உள்ளே இறங்குக.